கிரேன் கூண்டில் யார் உட்காருவது?

கிரேன் ஓட்டுபவன் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பவன் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. பர்மாவில், ஆற்றோரத்து அலோனில் நான் வேலை பார்த்த தனியார் படகுத்துறையில், சரக்குப் படகின் அடித்தட்டிலிருந்து பளுவைத் தூக்கும்போது கொக்கி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. படகின் விளிம்பில் நிற்கும் சைகைக்காரரின் கை என்ன சொல்கிறதோ அதை என் கை செய்யும், அவ்வளவுதான். இப்போது கொக்கிக்குப் பக்கத்தில் கேமரா மாட்டியிருக்கிறார்களாம். கூண்டுக்குள் சின்னத் திரையில் எல்லாம் தெரிகிறதாம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கிள், அப்பல்லாம் கண்ண மூடிக்கிட்டா தூக்குனீங்க? பயமா இருக்காதா?" என்று கேட்டார்கள், பர்மிய மொழியில். தமிழ்ப் பிள்ளைகள்தான். நாம் தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்கள், பதில் மட்டும் பர்மியத்தில் வரும்.

கேமரா வந்தது ரொம்ப நல்லது. பழையதை நினைத்துக் கண்ணீர் விடும் ஆள் நானில்லை. ஆனால் பயமாக இருக்காதா என்று கேட்டார்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் வேலைக் காலத்தில் நான் நிஜமாகவே பயந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் என் பயம் பளுவைப் பற்றியதில்லை. கீழே நின்ற சைகைக்காரர் வாயைத் திறந்து என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் பயம். அவர் என் கூடப்பிறந்த அண்ணன். அது அந்தத் துறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

என் பெயர் தங்கவேல். பள்ளிக்கூடத்தில் சோ வின். பர்மாவில் எங்களில் அநேகமாக எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணன் சண்முகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மியோ மின்ட் என்று பெயர். அவருக்கு அம்மாவின் வெளுத்த நிறம், எனக்கு அப்பாவின் கறுத்த நிறம். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்.

எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது நீல நிற அடையாள அட்டை. முன்னோர் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் முழுக் குடிமக்கள் இல்லை, பக்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் என்று அதற்கு அர்த்தம். முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. அண்ணன் கணக்கில் புலி. தொழில்நுட்பப் படிப்புக்கு மனுப் போட்டார். அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மதிப்பெண்ணை யாரும் பார்க்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேக்குப் போய்ப் படகுகளில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மியோ மின்ட் மட்டும்தான் மிச்சம் இருந்தார். சண்முகம் என்று ஒருவர் இருந்ததையே மறைத்துவிட்டார். தரகர் ஒருவரைப் பிடித்து ஒரு பர்மியக் குடும்பத்துப் பிள்ளை என்று இளஞ்சிவப்பு அட்டையும் வாங்கிக்கொண்டார். பானை செய்யும் குடும்பத்துப் பெண் மா திடாவை அவர் கட்டிக்கொண்டது எங்களுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

அப்பா இறந்தபோது ஆள் அனுப்பினோம். அவர் வரவில்லை. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அந்தக் கோபம் எனக்கு எப்படிப்பட்டது என்று சொன்னால் இன்றைக்கு எனக்கே வெட்கமாக இருக்கும். எனக்கு அண்ணன் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் சேரவே இல்லை.

நான் அப்பாவின் கோஷ்டியில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். பிறகு கம்பிக் கயிறு கட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் போக வழியில்லை. துறையில் எங்கேயும் எழுதிப் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கிரேன் கூண்டு, சைகை, அலுவலகம் எல்லாம் பர்மியர்களுக்கு. அடித்தட்டு, சுமை, கழுவிவிடுவது எங்களுக்கு. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு பானை இருந்தது. அலுவலகத்தை ஒட்டி அவர்கள் சாப்பிட மேசையும் பெஞ்சும், பின்வேலி ஓரம் நாங்கள் சாப்பிடத் தகரக் கொட்டகையும் இருந்தன. யாரும் யாரையும் விரட்ட மாட்டார்கள். எங்கே உட்கார வேண்டும் என்று கால்களுக்கே தெரிந்திருந்தது.

எங்கள் கிரேன் ஃபோர்மன் ஊ சான் லுவின்; ஊ, கோ என்பதெல்லாம் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல் செருகியிருப்பார். பளுவைக் கட்டி முடித்ததும் கயிற்றைப் பிடித்திருக்கும் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால், "இன்னொரு தடவ" என்பார். கட்டியதை எல்லாம் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சாண். எவ்வளவு சின்னப் பளுவானாலும் ஒரு சாண் தூக்கி அப்படியே நிறுத்த வேண்டும். அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார், குனிந்து பார்ப்பார், திரும்பி வந்து வெற்றிலையைத் துப்புவார். துப்பினால்தான் மேலே தூக்கலாம். துப்புவதற்கு முன்னால் அவசரப்பட்டுத் தூக்கிய ஓர் ஓட்டுநரைப் பாதி வேலையில் கீழே இறக்கி, வேடிக்கை பார்க்கிற இடத்தில் நிற்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். திட்டவில்லை, நிற்க வைத்தார்.

அவருடைய முக்கியமான விதி ஒன்று உண்டு. ஓட்டுநர் ஒரே ஒரு சைகைக்காரர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 'நிறுத்து' மட்டும் அதற்கு விலக்கு. இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினால் நிறுத்து. அதை யார் காட்டினாலும், தரை கூட்டுகிறவர் காட்டினாலும், அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றை லாரியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். கட்டின் ஒரு பக்கத்துக் கயிறு நழுவுவது தெரிந்தது. இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. கம்பிகள் சரிந்து லாரியின் முன்கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கின. லாரிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்.

ஊ சான் லுவின் ஓட்டுநரை அழைத்தார். "சைகையப் பாத்தியா?"

"பாத்தேன் ஸயா. ஒரு கலா கைய ஆட்டிக்கிட்டிருந்தான்."

ஸயா என்றால் ஐயா. கலா என்பது இந்திய முகம் உள்ள எங்களை எல்லாம் கூப்பிடுகிற சொல். சொல்கிறவர் எந்தக் குரலில் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்ன குரல் நன்றாக இல்லை.

"நான் கையப் பத்திக் கேட்டேன். முகத்தப் பத்திக் கேக்கல" என்றார் ஊ சான் லுவின். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் காலை என்னைப் பார்த்துக் கூண்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "ஏறு."

அலுவலகத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. கலாவைக் கூண்டில் ஏற்ற முடியாது என்றார்கள். "ஓட்டறதுக்கு யாரு ஏத்துனது? எண்ணெய் போட ஏத்தறேன்" என்றார். எண்ணெய் போடுகிறவன் கூண்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அப்படி ஆரம்பித்தது. அவர் பக்கத்தில் நின்று எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஆறு ஏறுவதும் இறங்குவதும் படகை எப்படி அசைக்கும், ஆடுகிற பளுவை எப்படி அடக்குவது, கை நடுங்கினால் என்ன செய்வது என்று எல்லாம். சில வருடங்களில் நான் அங்கே இருந்த நல்ல ஓட்டுநர்களில் ஒருவன் ஆகிவிட்டேன். காகிதத்தில் மட்டும் எண்ணெய் போடுபவன். அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் நெம்புகோலை விட்டுவிட்டு எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்துக்கொள்வேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வயிறு எரியவும் செய்யும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் புதுச் சைகைக்காரர் ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று ஊ சான் லுவின் அழைத்து வந்தார். கோ மியோ மின்ட். என் அண்ணன். எனக்கு முகம் மரத்துப்போயிற்று. அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் சமாளித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பர்மியத்தில், "உங்க பேரென்ன?" என்று கேட்டார்.

"சோ வின்" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று மாலை வீட்டில் கத்தித் தீர்த்தேன். "கூடப் பொறந்தவன்கிட்ட பேரு கேக்கறாருமா, உன் புள்ள" என்றேன்.  மறுநாள் மதியம் அம்மா மிங்கலா தாங்ஞுன்டிலிருந்து பஸ் பிடித்து, டிபன் கேரியரோடு துறையின் வாசலில் வந்து நின்றார். அதுவரை ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. வெளியாட்கள் வாசலைத் தாண்டக் கூடாது, உள்ளே போகிற யாரிடமாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அண்ணன் டீ குடித்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். கூண்டிலிருந்து நான் எல்லாம் பார்த்தேன். அம்மா அவர் எதிரே போய்த் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அண்ணன் அப்படியே நின்றார். பிறகு கேரியரை வாங்கிக்கொண்டார்.

என்ன சொன்னார் என்று வாசல் காவலாளி பிறகு என்னிடம் சொன்னார். "ஸயா, தயவுசெஞ்சு இத கிரேன்ல இருக்கற சோ வின்கிட்ட குடுத்துருங்க" என்றிருக்கிறார். நல்ல பர்மியத்தில், யாரோ ஓர் அதிகாரியிடம் பேசுவது போல. பெற்ற பிள்ளையை ஸயா என்று கூப்பிட்டிருக்கிறார். பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அத்தனை கவனம். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அதன் பிறகு தினமும் இதேதான். அண்ணன் கேரியரை வாங்குவார், கயிறு அறையைச் சுற்றிக்கொண்டு வருவார், கூண்டின் அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். கேரியரில் மேல் அடுக்கு எப்போதும் காலியாக இருந்தது, கழுவித் துடைத்தது போல. சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் வீட்டில் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, காலி அடுக்க எதுக்குக் குடுத்தனுப்பற? சும்மா கனக்குது."

"அது காலியாத்தான் வரும். நீ பேசாம சாப்புடு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. கூண்டிலிருந்து துறை முழுவதும் தெரியும், கயிறு அறையின் பின்பக்கம் மட்டும் தெரியாது. அடுத்த நாள் கவனித்தேன். அண்ணன் அந்தப் பக்கம் போய் மறைந்தால் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. வரும்போது கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வருகிறார். அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போய், "கொள்ளி வைக்க வராத ஆளுக்குச் சோறு ஒரு கேடா?" என்று கேட்டேன்.

"நான் பெத்ததுக்கு நான் போடறேன். உனக்குப் பத்தலைன்னா சொல்லு, இன்னொரு அடுக்கு வாங்கறேன்" என்றார் அம்மா. 

இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. நானும் அண்ணனும் நாளெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம், கையால். தூக்கு, இறக்கு, மெல்ல, நிறுத்து. வேலையில் அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. சுட்டுவிரலால் அவர் வட்டம் போட்டால் அதில் ஒரு நடுக்கம் இருக்காது. வாயால் மட்டும் ஒரு சொல் இல்லை.

பிறகுதான் அந்த டிரான்ஸ்பார்மர் வந்தது. எங்கள் துறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய பளு. ஆழமான படகின் அடித்தட்டில் இருந்தது. கூண்டிலிருந்து ஒரு மூலைகூடத் தெரியாது. சைகைக்காரர் படகின் குறுகலான விளிம்பில் நிற்க வேண்டும். பளு மேலே வரும்போது அவர் முன்னால் அது, பின்னால் ஆறு, ஒதுங்க இடமே கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்கு எங்கள் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யார் ஓட்ட வேண்டும் என்பதை ஃபோர்மன் சொல்ல மாட்டார், முதலாளி சொல்ல மாட்டார். விளிம்பில் நிற்கப்போகிறவர்தான் சொல்வார். போகப்போவது அவர் உயிர் என்பதால் தேர்வும் அவருடையது.

சரக்குக்காரரின் ஏஜென்ட் நேரில் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு குடைக்குக் கீழே நின்றார். ஆறு ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அந்த நேரத்துக்குள் தூக்கி முடித்துவிட வேண்டும். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"யாரு ஓட்டப்போறது?" என்று ஏஜென்ட் கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்காங்க. கோ தீஹா, சோ வின்" என்றார் ஊ சான் லுவின்.

ஏஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது கலாவாச்சே. எண்ணெய் போடறவன்னுல்ல ஆபீஸ்ல சொன்னாங்க?"

 ஊ சான் லுவின் அண்ணன் பக்கம் திரும்பினார். "நிக்கப்போறது நீ. சொல்லு, யாரு?"

கோ தீஹா நல்ல ஓட்டுநர், நல்ல மனிதர். அண்ணன் அவர் பெயரைச் சொன்னால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொள்வேன், அலுவலகம் நிம்மதியாகும், அண்ணனின் அட்டைக்கும் பெயருக்கும் ஒரு ஆபத்தும் வராது. ஆனால் எங்களுக்கு அண்ணன் இல்லை என்பது அன்றோடு உறுதியாகிவிடும். சாயங்காலம் அம்மா கேட்பார், நான் சொல்ல வேண்டியிருக்கும். நான் பயந்தது அதற்குத்தான்.

அண்ணன் ஆற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோ வின்" என்றார்.

ஏஜென்ட் சிரித்துவிட்டார். "ஏம்பா, நீ பர்மாக்காரன். உன் உயிர ஒரு கலா கையிலயா குடுக்கற?"

நல்ல கைக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லி அண்ணன் தப்பித்திருக்கலாம். நானே அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவன் என் தம்பி" என்றார். "ஒரே வயித்துல பொறந்தவங்க. நானும் கலாதான். என் பேரு சண்முகம். அவன் ஓட்டுனா நான் நிப்பேன். வேற யாரு ஓட்டுனாலும் நிக்க மாட்டேன்."

 கோ தீஹா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஊ சான் லுவின் குனிந்து வெற்றிலையைத் துப்பினார்.

"தண்ணி நின்னுருச்சு" என்றார். "ஏறு."

நான் எப்படி ஏணி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்தேன். ஊ சான் லுவின் வளையங்களைத் தட்டினார், தலையைச் சாய்த்தார். ஒரு சாண் தூக்கினேன், நிறுத்தினேன். அவர் சுற்றி நடந்தார், துப்பினார். அண்ணனின் சுட்டுவிரல் வட்டம் போட ஆரம்பித்தது. மற்றக் கையை அதற்கு மேலே அசையாமல் விரித்துப் பிடித்தார். மெல்ல என்று அர்த்தம்.

பாதி உயரத்துக்கு வந்தபோது ஒரு பயணிகள் படகு வேகமாகக் கடந்து போயிற்று. அதன் அலை எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. பளு விளிம்புக்கு மேலே தலை காட்டிய நேரம் அது. காட்டியதும் அண்ணன் இருக்கும் பக்கம் ஆட ஆரம்பித்தது. ஆடுகிற பளுவை அடக்க ஒரே வழிதான் உண்டு. அது எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கிரேனின் கையை நகர்த்தி, அதற்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அண்ணன் ஓடவில்லை, 'நிறுத்து' காட்டவில்லை. கையை நீட்டித் தன்னை நோக்கிக் காட்டினார். என் பக்கம் கொண்டு வா என்கிறார்.

இத்தனை வருடம் இந்த மனிதர் எங்கேயாவது தொலையட்டும் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்! அவரைக் கொல்ல வேண்டும் என்றாலும் நான் அதே நெம்புகோலைத்தான் அதே பக்கம் தள்ள வேண்டும். காப்பாற்றுவதற்கும் அதேதான். கொஞ்சம் கூடினால் அவர் ஆற்றுக்குள். அவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளினேன். கிரேனின் கை அவர் தலைக்கு மேலே போயிற்று. பளு அவர் மார்புக்கு முன்னால் வந்து, நின்று, தொங்கியது. ஆட்டம் போய்விட்டது.

அண்ணனின் விரல் மறுபடி வட்டம் போட்டது. அதன் பிறகு எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. லாரி மேடையில் பளுவை வைத்தபோது பலகை முனகியதுகூட இல்லை. கீழே நின்ற கயிறு கட்டுகிறவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். எனக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

நான் இறங்கி வந்தேன். அண்ணன் படகிலிருந்து ஏறி வந்தார். எதிரெதிரே நின்றோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ்ப் பேச்சு இதுதான்:

"கொஞ்சம் சீக்கிரம் தள்ளிட்டடா."

"நீங்கதாண்ணே லேட்டா காட்டுனீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேருமே சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். பர்மியர்கள் எல்லோரும் நாகரிகமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று அண்ணன் பிறகு ஊ சான் லுவினிடம் கேட்டார். "எனக்கு கிரேன் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் சுத்தியலைத் துடைக்கப் போய்விட்டார்.

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. பொய் சொல்லி வேலைக்கு வந்தவர், அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. ஊ சான் லுவின் தன் சுத்தியலை அலுவலக மேசை மேல் வைத்தார். அவர் போனால் நானும் போகிறேன், வெளியே வரிசையில் நிற்கிற படகுகளை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். கோ தீஹாவும் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். டிரான்ஸ்பார்மர் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்ததில் ஏஜென்ட்டின் முதலாளிக்கு மகிழ்ச்சி. அடுத்ததையும் அதே ஆட்கள்தான் இறக்க வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பினார். அண்ணன் வேலை போகவில்லை, அவர் அட்டையையும் யாரும் கிளறவில்லை. எனக்குக் காகிதத்திலும் கிரேன் ஓட்டுநர் என்று பதவி வந்தது. எண்ணெய் போட வேறு ஆளை எடுத்தார்கள்.

மறுநாள் மதியம் அண்ணன் அலுவலகத்து மேசைப் பக்கம் போகாமல் நேராகத் தகரக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். கோ தீஹா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். "இங்க குழம்பு வாசன நல்லாருக்கு, இத்தன நாளா எவனும் சொல்லல" என்று குறைபட்டுக்கொண்டார். அந்த வாரத்திலேயே மேசையும் கொட்டகைக்கு வந்தது, பானையும் ஒன்றாயிற்று. சட்டம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் அட்டை இன்றைக்கும் நீலம்தான். நாங்கள் ஜெயித்தது ஒரு துறையில். ஆனால் அங்கே முழுதாக ஜெயித்தோம். இன்றைக்குக் கேமரா வைத்த அந்தக் கூண்டில் எங்கள் பிள்ளைகள் உட்காருகிறார்கள், கையில் எண்ணெய்க் கேன் இல்லாமல்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். பளு தூக்கிய அன்று மாலையே என்னோடு வந்தார். வாசலில் நின்றுவிட்டார், உள்ளே வரத் தைரியம் இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, "செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றார். அண்ணன் அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. என் கோபம் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

அண்ணன் மனைவி மா திடா வந்ததுதான் பெரிய கதை. அண்ணன் அவரிடம் தன் அம்மா செத்துப்போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். அந்த மகராசி அதை நம்பி, வருடா வருடம் மாமியார் நினைவாகப் பிக்குகளுக்கு அன்னதானம் செய்து வந்திருக்கிறார். அண்ணன் கலா என்பதற்காக அவர் கோபப்படவே இல்லை. "உயிரோட இருக்கற அம்மாவுக்கு என்னத் திதி குடுக்க வச்சிட்டீங்களே" என்றுதான் அண்ணனை ஆற்றைக் கடந்து வருகிற வழியெல்லாம் திட்டியிருக்கிறார். வந்ததும் அம்மாவின் காலில் விழுந்து அழுதார். விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் இருக்கும்போதே எனக்குப் புண்ணியம் சேத்து வச்சிருக்கா" என்றார் என்னிடம். "உன் அண்ணன் வேற எதுல தப்புப் பண்ணாலும் பொண்டாட்டி விஷயத்துல தப்புப் பண்ணல."

மறுநாள் காலை அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, மார்க்கெட்டுக்குப் போகலாம் என்றார். நானும் கூடப் போனேன். வீட்டில் எல்லாம் இருந்தது, வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. மீன் கடை, வெங்காயக் கடை, பூக்கடை என்று ஒவ்வொரு கடை முன்னாலும் அம்மா நின்றார். விலை கேட்கவில்லை, எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. கடைக்காரர்கள் பழகியவர்கள். யாராவது கேட்கும் வரை அப்படியே நின்றார். மீன்காரப் பெண்தான் முதலில் கேட்டார், பர்மியத்தில். "யாரும்மா இது?"

"என் மூத்த மகன், சண்முகம்" என்றார் அம்மா, பக்கத்துக் கடைக்கும் கேட்கிற குரலில். சொல்லிவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். அங்கேயும் நின்றார்.